மாநாட்டில் பாஃப் அமர்வு நடத்த வேண்டுமா? விண்ணப்பம் முதல் அறிக்கை வரை

கையில் கட்டுரை இல்லை, போஸ்டரும் இல்லை. ஆனால் உங்கள் துறையில் பலரும் மனதுக்குள் போட்டுப் புழுங்கிக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தைப் பற்றி நாலு பேரை உட்காரவைத்துப் பேச வேண்டும் என்று தோன்றுகிறது. அதற்கென்றே பல ஆய்வு மாநாடுகளில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பேர்ட்ஸ் ஆஃப் எ ஃபெதர் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கும், பேச்சில் எல்லோரும் பாஃப் என்பார்கள். ஒரு அறை, ஒரு மணி நேரம், அதே விஷயத்தில் அக்கறை உள்ளவர்கள் வந்து உட்கார்ந்து பேசுவார்கள், அவ்வளவுதான். முனைவர் பட்ட மாணவர்கூட விண்ணப்பிக்கலாம், பல மாநாடுகளில் பட்டம், பதவி எதையும் நிபந்தனையாக வைப்பதில்லை.

ஆனால் எப்படி விண்ணப்பிப்பது என்பதை ஒரே இடத்தில் யாரும் சொல்வதில்லை. காலக்கெடு ஒரு பக்கத்தில் இருக்கும், படிவம் வேறொரு தளத்தில் இருக்கும், அறை எப்படி இருக்கும் என்பதோ அங்கே போய் நின்றால்தான் தெரியும். முன்பு நடத்தியவர்களைத் தேடிப் பிடித்து, கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையெல்லாம் வரிசையாக இங்கே எழுதிவைக்கிறேன். புதிதாக முயல்பவர்களுக்கு இந்த அலைச்சல் மிச்சமாகட்டும்.

1. உங்கள் மாநாடு இதை என்ன பெயரில் வைத்திருக்கிறது என்று பாருங்கள்

எல்லா இடத்திலும் பாஃப் என்றே இருக்காது. சூப்பர்கம்ப்யூட்டிங் துறையின் எஸ்சி மாநாட்டிலும், கணினிக் கல்விக்கான சிக்சிஎஸ்இ கருத்தரங்கிலும், கணினி வரைகலைக்கான சிக்கிராஃபிலும் பாஃப் என்றே சொல்வார்கள். மனித-கணினி ஊடாட்டத்துக்கான சிஹெச்ஐ மாநாட்டில் சிறப்பு ஆர்வக் குழு போன்ற பெயர்களில் தேட வேண்டும். புவி அறிவியலாளர்களின் ஏஜியு கூட்டத்தில் டவுன் ஹால், இயந்திரக் கற்றலுக்கான நியூரிப்ஸில் சோஷியல், பைத்தான் நிரலாளர்களின் பைகானில் ஓப்பன் ஸ்பேஸ். பெயருக்கு ஏற்ப நோக்கமும் கொஞ்சம் மாறும் என்பதால் அழைப்பை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

பெயரைவிட முக்கியம், தேர்வு எப்படி நடக்கிறது என்பது. இரண்டு வகை உண்டு. கணினி அமைப்புகளுக்கான யூஸ்னிக்ஸ் மாநாடுகளில் போல, காலியாக இருக்கும் அறையையும் நேரத்தையும் பார்த்து முன்பதிவு செய்துகொள்வது ஒரு வகை, அதற்குப் பெரிதாக ஆயத்தம் தேவையில்லை. எஸ்சி மாநாட்டில் போல, முன்மொழிவை மதிப்பீட்டாளர்கள் படித்து மதிப்பெண் போட்டு ஏற்பதும் நிராகரிப்பதும் இன்னொரு வகை. இந்தக் கட்டுரை பெரும்பாலும் இரண்டாவது வகையைப் பற்றித்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பிலும் பாஃப் உண்டு, ஆனால் அங்கே அது பெரும்பாலும் ஒரு பணிக்குழுவை உருவாக்கலாமா என்று முடிவு செய்வதற்கான படி. அதற்கான அறிவுரைகள் 2009-இல் வந்த ஆர்எஃப்சி 5434 ஆவணத்தில் இருக்கின்றன. நீங்கள் ஐஇடிஎஃப் பக்கமே போகாவிட்டாலும் அதை ஒருமுறை படியுங்கள். தீர்வைத் தூக்கிக்கொண்டு வராமல் முதலில் பிரச்சினை என்ன என்பதைத் தெளிவாக்குங்கள் என்று அது சொல்வது எந்த மாநாட்டுக்கும் பொருந்தும்.

2. காலண்டரைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

பாஃப் என்பது முறைசாரா அமர்வு, கடைசி நேரத்தில் கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மதிப்பீடு உள்ள மாநாடுகளில் மாநாட்டுக்குப் பல மாதங்களுக்கு முன்பே கதவை மூடிவிடுவார்கள். பெரும்பாலும் கட்டுரைகளுக்கான காலக்கெடு முடிந்த பிறகுதான் பாஃபுக்கான காலக்கெடு வரும் என்பதால், கட்டுரை அனுப்பாதவர்கள் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்காமல் இருந்துவிடுகிறார்கள். மாநாட்டின் முக்கியத் தேதிகள் பக்கத்தில் உங்கள் வகைக்கு எதிரே உள்ள தேதியைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

தேதிக்குப் பக்கத்தில் ஏஓஇ என்று மூன்றெழுத்து இருந்தால், பூமியில் எங்காவது ஓரிடத்தில் அந்தத் தேதி இன்னும் முடியாமல் இருக்கும்வரை அனுப்பலாம் என்று அர்த்தம். கணக்குக்கு, உலகப் பொது நேரமான யுடிசி-யிலிருந்து 12 மணி நேரம் பின்னால். அதாவது 15-ஆம் தேதி இரவு 11:59 ஏஓஇ என்றால் யுடிசி நேரப்படி 16-ஆம் தேதி பகல் 11:59. அதை உங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றிக் குறித்துவையுங்கள். ஏஓஇ என்று போடாமல் வேறொரு நாட்டு நேரத்தைப் போட்டிருந்தால் இன்னும் கவனம் தேவை, கோடைக்கால நேர மாற்றம் வேறு இடையில் வந்து குழப்பும்.

என் கணக்கு இது: காலக்கெடுவுக்கு இரண்டு மாதம் முன்பு கேள்வியை முடிவு செய்வது, ஒன்றரை மாதம் முன்பு சக ஒருங்கிணைப்பாளர்களிடம் பேசுவது, ஒரு மாதம் முன்பு முதல் வரைவு, கடைசி வாரம் படிவத்தில் ஏற்றுவது மட்டும். அடுத்தவரின் சம்மதத்துக்காகக் காத்திருப்பதில்தான் அதிக நாள் போகும்.

3. தலைப்பை விடுங்கள், கேள்வியைப் பிடியுங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலான முன்மொழிவுகள் விழுகின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புதியவர்கள் எழுதும் முன்மொழிவு பெரும்பாலும் ஒரு உரையின் சுருக்கமாகவே இருக்கும். என் திட்டம் இது, நாங்கள் செய்தது இது, இதைப் பற்றி விளக்குவோம், கடைசியில் கேள்வி-பதில். மதிப்பீட்டாளர் இதைப் படித்தவுடன், இதற்குப் பேச்சு அமர்வு போதுமே, அறை எதற்கு என்று கேட்டுவிடுவார். ஒரு கருவியையோ நிறுவனத்தையோ விளம்பரம் செய்வதுபோல் தோன்றிவிட்டால் இன்னும் மோசம்.

ஒரு உதாரணம் பார்ப்போம். ஒருவர் இப்படித் தலைப்பு வைக்கிறார்: "ஆய்வு மென்பொருளின் நிலைத்தன்மை: சவால்களும் வாய்ப்புகளும்". இதில் தவறு எதுவும் இல்லை, ஆனால் இந்தத் தலைப்பைப் பார்த்து எழுந்து வந்து பேச வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. இதையே இப்படி மாற்றிப் பாருங்கள்: "மாணவர் பட்டம் வாங்கிப் போனபின் அவர் எழுதிய மென்பொருளை யார் பார்த்துக்கொள்வது?" படித்த நொடியிலேயே ஒவ்வொருவருக்கும் தன் ஆய்வகத்தில் அநாதையாகக் கிடக்கும் ஒரு நிரல் ஞாபகம் வரும். பேராசிரியர் ஒன்று சொல்வார், மாணவர் நேர் எதிராகச் சொல்வார், ஆய்வு மென்பொருள் பொறியாளர் இரண்டு பேரையும் மறுப்பார். அமர்வுக்கு வேண்டியது அந்த மறுப்புதான்.

உங்கள் கேள்வி தேறுமா என்று பார்க்க நான் மூன்று சோதனைகள் வைத்திருக்கிறேன். நன்கு விஷயம் தெரிந்த இரண்டு பேர் இதில் நேர்மையாக வேறுபட முடியுமா? உங்களுக்கே விடை தெரியாத கேள்வியா? ஒரு மணி நேரத்தில் கொஞ்சமாவது நகர முடியுமா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் எழுத ஆரம்பிக்கலாம். விடை ஏற்கெனவே தெரியும் என்றால் அதைக் கட்டுரையாக எழுதுவதுதான் முறை. உலகத்தையே திருத்தும் அளவுக்குப் பெரிய கேள்வி என்றால் அதில் ஒரு துண்டை வெட்டி எடுங்கள்.

அப்புறம், அதே மாநாட்டின் கடந்த இரண்டு மூன்று வருட நிகழ்ச்சி நிரல்களைத் திறந்து பாருங்கள். இதே கேள்வி சென்ற வருடம் வந்திருந்தால் பயப்பட வேண்டாம், அதை நடத்தியவர்களுக்கு மின்னஞ்சல் போடுங்கள். அந்த அமர்வு எங்கே நின்றது, இந்த முறை எங்கிருந்து தொடங்கப் போகிறோம் என்று முன்மொழிவில் இரண்டு வரி எழுதினால் அதற்குத் தனி மதிப்பு. தெரியாததுபோல் அதையே திரும்ப எழுதினால்தான் நிராகரிப்பார்கள்.

4. தனியாகப் போகாதீர்கள்

மூன்று அல்லது நான்கு பேர் சரியான எண்ணிக்கை. எல்லோரும் ஒரே ஆய்வகம், ஒரே நிறுவனம் என்றால் முன்மொழிவு பலவீனமாகத் தெரியும், அமர்வும் ஒரே குரலில் போய்விடும். உங்கள் கேள்வியின் வேறு வேறு பக்கத்தில் நிற்பவர்களாகப் பார்த்துக் கேளுங்கள். பெயர் பெற்ற ஒருவரைச் சேர்த்தால் வலு என்பது உண்மைதான், ஆனால் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு அறைக்கு வராதவரால் ஒரு பயனும் இல்லை.

கேட்கும்போதே மூன்று விஷயங்களைத் தெளிவாகக் கேட்டுவிடுங்கள்: நேரில் வருவது உறுதியா, பயணச் செலவை யார் ஏற்கிறார்கள், இதே மாநாட்டில் வேறு அமர்வில் உங்கள் பெயர் இருக்கிறதா. சில மாநாடுகளில் ஒருவர் இத்தனை முன்மொழிவுகளில்தான் இருக்கலாம் என்று உச்சவரம்பு உண்டு. அது தெரியாமல் ஒரே ஆளை இரண்டு குழுக்களும் போட்டுவைத்தால் சிக்கல்தான்.

குறைந்தது இரண்டு பேராவது நிச்சயமாக வரக்கூடியவர்களாக இருக்கட்டும். எங்கள் குழுவில் ஒருவருக்கு விசா கடைசிவரை வரவே இல்லை. அவர் நடத்த வேண்டிய பகுதியை எடுத்து நடத்த இன்னொருவர் தயாராக இருந்ததால் அமர்வு தப்பித்தது.

5. படிவம் திறப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

ஈஸிசேர், ஓப்பன்ரிவ்யூ, லிங்க்லிங்ஸ் என்று மாநாட்டுக்கு மாநாடு தளம் மாறும், கேட்கும் விவரங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். எல்லாவற்றையும் முதலில் தனிக் கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு ஏற்றுங்கள். சொல் வரம்பு இருக்கும், எழுத்து வரம்பாகவும் இருக்கலாம், இரண்டும் ஒன்றல்ல.

- தலைப்பு. நிரல் அட்டவணையில் ஒரு வரிக்குள் அடங்க வேண்டும்.
- நிரலில் அச்சாகும் சுருக்கம், 100 முதல் 150 சொற்கள். இது பார்வையாளருக்கு. வந்தால் என்ன பேசலாம், யார் வரலாம் என்பது இதில் இருக்க வேண்டும்.
- மதிப்பீட்டாளருக்கான விரிவான விளக்கம், ஒன்று அல்லது இரண்டு பக்கம். ஏன் இப்போது, ஏன் இந்த மாநாட்டில், அமர்வு எப்படி நடக்கும், முடிந்தபின் என்ன நடக்கும்.
- நிமிட வாரியான திட்டம்.
- எதிர்பார்க்கும் கூட்டம். வாய்க்கு வந்த எண்ணைப் போடாமல் ஆதாரத்தோடு சொல்லுங்கள்: இதே பொருளில் சென்ற வருடம் நடந்த அமர்வுக்கு வந்தவர்கள், ஒரு மின்னஞ்சல் குழுவில் இருப்பவர்கள் என்று ஏதாவது.
- ஒவ்வொருவரின் பெயர், நிறுவனம், மின்னஞ்சல், நாலு வரிக் குறிப்பு. ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான ஆர்கிட் எண்ணும் கேட்கலாம். 16 இலக்கம், இலவசமாகக் கிடைக்கும், சில நிமிட வேலை.
- அறைத் தேவைகள், வர முடியாத நாட்கள்.

சுருக்கத்தையும் விளக்கத்தையும் வெட்டி ஒட்டி ஒன்றாக்காதீர்கள், இரண்டையும் படிப்பவர்கள் வேறு. எல்லாவற்றையும்விட நிமிட வாரியான திட்டத்தைக் கவனித்து எழுதுங்கள். "கலந்துரையாடல் 45 நிமிடம்" என்று ஒரே வரியில் எழுதினால், எப்படி நடத்துவது என்று நீங்கள் யோசிக்கவே இல்லை என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

சிஹெச்ஐ, சிக்சிஎஸ்இ போன்றவற்றில் அமர்வின் சுருக்கம், கணினித் துறையினரின் சங்கமான ஏசிஎம்மின் டிஜிட்டல் நூலகத்திலும் ஏறுவதுண்டு. அப்படியென்றால் வார்ப்புரு, பதிப்புரிமைப் படிவம், இறுதிப் பிரதிக்கான தேதி என்று கூடுதல் வேலை வரும். பல மாநாடுகளில் பாஃப் எந்தத் தொகுப்பிலும் வராது. பல்கலைக்கழகத்தில் பயண நிதி கேட்கும்போது இந்த வித்தியாசம் பெரிய விஷயம் என்பதால் முன்பே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

6. செலவு

பாஃப் நடத்துவதற்கென்று தனிக் கட்டணம் பொதுவாகக் கிடையாது. ஆனால் நடத்துபவர் என்பதற்காகப் பதிவுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வார்கள் என்றும் எதிர்பார்க்க வேண்டாம், மற்றவர்களைப்போலவே கட்டித்தான் உள்ளே போக வேண்டும். ஒரு நாள் சீட்டு போதும் என்று நினைத்தால், உங்கள் அமர்வு எந்த நாள் என்பது வெகு தாமதமாகத்தான் தெரியவரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பெரிய பொறி இதுதான்: முன்மொழிவின் முடிவு வருவதற்குள் சலுகைக் கட்டணத்துக்கான தேதி முடிந்துவிடலாம். அழைப்பில் இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடிக்கிறது என்றால் ஏற்பாட்டாளர்களுக்கு எழுதிக் கேளுங்கள், அல்லது பணம் எந்த நாள்வரை எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று பார்த்துவிட்டுச் சலுகைக் கட்டணத்திலேயே பதிந்துவிடுங்கள்.

மாணவர்கள் தன்னார்வலராகச் சேர்ந்தால் பல மாநாடுகளில் பதிவுக் கட்டணம் மிச்சமாகும், அதற்கு ஈடாகக் குறிப்பிட்ட மணி நேரம் வேலை செய்ய வேண்டும். உங்கள் அமர்வு நேரத்தில் வேலை போடாதீர்கள் என்று அந்தப் பொறுப்பாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பயண நிதி உதவிக்குத் தனி விண்ணப்பம், தனித் தேதி. அதைக் கட்டுரை ஆசிரியர்களுக்கு மட்டும் தருகிறார்களா, பாஃப் நடத்துபவருக்கும் உண்டா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அறையில் காபி, பிஸ்கட் வைத்தால் கூட்டம் வரும் என்று நினைப்பீர்கள். மாநாட்டு மண்டபங்களில் வெளியிலிருந்து உணவு கொண்டுவரப் பெரும்பாலும் விடமாட்டார்கள், அங்கேயே வாங்கினால் தலைக்கு இவ்வளவு, அதன்மேல் வரி, சேவைக் கட்டணம் என்று போட்டு மலைக்க வைப்பார்கள். தேவையில்லை, விட்டுவிடுங்கள். தொலைவில் இருப்பவர்களையும் இணைக்க ஆசைப்பட்டால் நல்ல மைக், கேமரா, கம்பி வழி இணையம், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் எல்லாம் வேண்டும், அதற்கும் மண்டபம் தனியாகப் பணம் கேட்கலாம். மடிக்கணினியை மேசையில் திறந்து வைத்துவிட்டு இதுதான் இணைப்பு என்று சொன்னால், அந்தப் பக்கம் இருப்பவருக்கு ஒரு வார்த்தையும் கேட்காது.

7. ஏற்றுக்கொண்டார்கள் என்று கடிதம் வந்ததும்

அன்றே செய்ய வேண்டியவை: உறுதி செய்து பதில், சக ஒருங்கிணைப்பாளர்களுக்குத் தகவல், வெளிநாட்டுப் பயணம் என்றால் விசா அழைப்புக் கடிதத்துக்கு விண்ணப்பம். இந்தக் கடிதத்தைப் பல மாநாடுகளில் பதிவுக் கட்டணம் கட்டியவர்களுக்கு மட்டுமே தருவார்கள். பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும், இனிஷியலை விரித்தோ சுருக்கியோ எழுதினால் தூதரகத்தில் தேவையில்லாத கேள்வி வரும். விசா மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்புமா என்பதையும் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பாஃப் பெரும்பாலும் மதிய இடைவேளையிலோ மாலையில் எல்லாம் முடிந்த பிறகோதான் போடுவார்கள். மாலை என்றால் விருந்து நிகழ்ச்சியோடு மோதுகிறதா என்று அட்டவணை வந்தவுடன் பாருங்கள், மோதினால் உடனே எழுதுங்கள். அச்சானபின் ஒன்றும் செய்ய முடியாது.

அறைக்கு வட்ட மேசைகள் கேளுங்கள். மேடையைப் பார்த்து வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்தால் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள், எல்லோரும் முன்னால் நிற்பவரைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வட்ட மேசை இல்லை என்று சொன்னால் நகர்த்தக்கூடிய நாற்காலியாவது வேண்டும் என்று கேட்டு, பத்து நிமிடம் முன்னாலேயே போய் வட்டமாகத் திருப்பிப் போடுங்கள். நகர்த்திய நாற்காலிகளைத் திரும்பவும் அதே இடத்தில் வைத்துவிட்டு வாருங்கள். மைக் கட்டாயம் வேண்டும். என் குரல் கேட்கும் என்று சிலர் வேண்டாமென்பார்கள், காது கேட்கும் திறன் குறைந்தவர் ஒருவர் கடைசி வரிசையில் இருக்கலாம்.

நிராகரித்துவிட்டார்கள் என்றால் மதிப்பீட்டுக் குறிப்புகளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, நேரடியாக முன்பதிவு செய்யும் திறந்த அறை ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். பல மாநாடுகளில் இருக்கும்.

8. அந்த ஒரு மணி நேரம்

60 நிமிடத்தை நான் இப்படிப் பிரிப்பேன். முதல் 5 நிமிடம் எதற்காகக் கூடியிருக்கிறோம், எப்படிப் பேசப் போகிறோம் என்று சொல்ல. அடுத்த 10 நிமிடம் மூன்று பேர் ஆளுக்கு மூன்று நிமிடம், மூன்று வேறு நிலைப்பாடு, ஸ்லைடு வேண்டாம். பிறகு 10 நிமிடம் நாலைந்து பேராகச் சிறு குழுக்களில். அப்புறம் 25 நிமிடம் அறை முழுதும். கடைசி 10 நிமிடத்தைத் தொடவே கூடாது, யார் என்ன செய்யப் போகிறோம் என்று பேசி எழுத அது வேண்டும்.

சிறு குழுவை நேரமில்லை என்று வெட்டாதீர்கள். முதல் முறை வந்த மாணவர் ஐம்பது பேர் முன்னால் வாய் திறக்கமாட்டார், நாலு பேரிடம் சொல்லிப் பார்த்து அவர்கள் தலையாட்டினால் அதே மாணவர் பிறகு கையைத் தூக்குவார். சிறு குழு முடிந்ததும் ஒவ்வொரு குழுவையும் வரிசையாக அறிக்கை வாசிக்க வைத்தால் 25 நிமிடமும் அதிலேயே போய்விடும். உங்கள் குழுவில் எதில் ஒத்துப்போகவில்லை என்று மட்டும் கேளுங்கள்.

ஒருவர் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார், எல்லா அறையிலும் அப்படி ஒருவர் உண்டு. அதனால் இரண்டு நிமிட வரம்பை ஆரம்பத்திலேயே அறிவித்துவிடுங்கள், நேரம் பார்ப்பதை உங்களில் ஒருவருக்கு ஒப்படையுங்கள். அப்போது நடுவில் நிறுத்துவது யாரையும் புண்படுத்தாது.

வேலை செய்யும் இடத்தைப் பற்றிய குறைகள் வெளியே வரக்கூடிய பொருள் என்றால் சாட்டம் ஹவுஸ் விதியை அறிவியுங்கள்: கேட்ட தகவலைப் பயன்படுத்தலாம், யார் சொன்னார், எந்த நிறுவனம் என்பது வெளியே போகக் கூடாது. அப்படி அறிவித்தால் ஒலிப்பதிவும் கூடாது, புகைப்படமும் கூடாது, குறிப்பு எடுப்பவரும் பெயர் எழுதக் கூடாது. இதைச் சொன்னபிறகு அறை எவ்வளவு மாறுகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

9. குறிப்பும் அறிக்கையும்

குறிப்பு எடுக்க முன்கூட்டியே ஒருவரை நியமியுங்கள், அமர்வை நடத்துபவரால் எழுதவும் முடியாது. எல்லோரும் சேர்ந்து எழுதக்கூடிய ஒரு பகிர்வு ஆவணத்தைத் திறந்து, அதன் முகவரியைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஸ்கேன் செய்யும் குறியீடு மட்டும் வைத்தால் மடிக்கணினியில் இருப்பவர் என்ன செய்வார்? மண்டபத்து இணையம் தூங்கிவிட்டால் என்று வெற்றுத் தாளும் பேனாவும் தயாராக இருக்கட்டும்.

தொடர்பில் இருக்க விரும்புபவர்களின் மின்னஞ்சலை வாங்கும்போது எதற்காக என்று தாளின் மேலேயே எழுதிவிடுங்கள், அதற்கு மட்டுமே பயன்படுத்துங்கள்.

அறிக்கையை ஒரு வாரத்துக்குள் அனுப்பிவிட வேண்டும், அதற்குமேல் போனால் வந்தவர்களுக்கே மறந்துவிடும். இரண்டு பக்கம் போதும். என்ன கேட்டோம், எங்கே ஒத்துப்போனோம், எங்கே போகவில்லை, யார் எதை எந்தத் தேதிக்குள் செய்வதாகச் சொன்னார்கள். வெளியிடுவதற்குமுன் வந்தவர்களுக்கு அனுப்பி, தங்கள் கருத்து தவறாகப் பதிவாகியிருந்தால் திருத்த மூன்று நாள் கொடுங்கள். வந்தவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையையும் அறிக்கையிலேயே போட்டுவையுங்கள், அடுத்த வருட முன்மொழிவில் எதிர்பார்க்கும் கூட்டம் என்ற கட்டத்தை நிரப்ப அதுதான் உதவும்.